செண்பகத்தின் வீட்டுக்காரரைப் பற்றி ஒரு கருத்து

1

என் கணவரை ஒரு ஜெர்மன் பெண்மணி வாசலோடு திருப்பி அனுப்பிய நாளில்தான் இந்த வினை ஆரம்பித்தது. வாசலோடு என்பது கொஞ்சம் மிகை. உட்கார வைத்து, காகிதங்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்து, அதன் பிறகுதான் அனுப்பினார்.

நாங்கள் இங்கே வந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. ஜெர்மனியின் தென்மேற்கு மூலையில் ஒரு சின்ன ஊர். ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு ஷூ தைத்த ஊராம். இப்போது இரண்டு மூன்று கம்பெனிகள்தான் மிச்சம். அதில் ஒன்றில் அவர் லெதர் டெக்னீஷியன், நான் செக்கர். ஆம்பூரில் என்ன வேலை செய்தேனோ அதையே இங்கே குளிரில் செய்கிறேன். தைத்து வரும் அப்பரில், அதாவது ஷூவின் மேல்பாகத்தில், பிசிறு, சுருக்கம், தையல் விலகல் எங்கே இருக்கிறதோ அங்கே ஒரு சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டுவது. குற்றம் கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்குகிறவள் நான் என்பதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொண்டால் நல்லது.

என் குடியிருப்பு அட்டையைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. வழக்கம்போல என் விண்ணப்பத்தையும் கணவரே நிரப்பி, என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். வெளிநாட்டவர் அலுவலகத்தில் இருந்த அந்தப் பெண்மணி கேட்டாராம், "இந்த அம்மா எங்கே?"

"வேலைக்குப் போயிருக்கிறாள். நான் அவளுடைய கணவர்."

"அது தெரிகிறது. அவர் எங்கே?"

மறுநாள் நானே போனேன். எனக்குத் தெரிந்த ஜெர்மன் மொழியை வைத்துச் சமாளித்தேன். பதற்றத்தில் அந்த அதிகாரியை 'நீ' என்று ஒருமையில் பேசிவிட்டேன். இங்கே அது நம் ஊர் தாசில்தாரை 'இன்னாப்பா' என்று கூப்பிடுவது மாதிரி. நல்லவேளையாக அவர் சிரித்துவிட்டார். மின்னஞ்சல் முகவரி கேட்டார். கணவருடையதைச் சொன்னேன். "இல்லை, உங்களுடையது" என்றார். என்னுடையது என்று ஒன்று இருந்தது. அதன் கடவுச்சொல் எனக்குத் தெரியாது என்பதைச் சொல்லாமல் முகவரியை மட்டும் எழுதிக் கொடுத்தேன். ஆனாலும் வெளியே வரும்போது என் தலை ஓர் அங்குலம் உயர்ந்திருந்தது.

அந்தத் தலையோடு வீட்டுக்கு வந்து டீ போட்டுக்கொண்டு சீரியல் பார்க்க உட்கார்ந்தேன்.

2

சீரியலின் பெயர் வேண்டாம். செண்பகம் என்று ஒரு பெண். ஊர்த் தலைவர் பதவி பெண்களுக்கு என்று ஒதுக்கப்பட்டதும், அவள் கணவன் தணிகாசலம் அவளை நிறுத்தி ஜெயிக்க வைக்கிறான். ஜெயித்த மறுநாளே அவள் நாற்காலியில் அவன் உட்கார்ந்துகொள்கிறான். அவள் அடுப்படியில் நின்று கையெழுத்துப் போடுகிறாள். இருநூறு எபிசோடாக இதுதான் கதை.

எனக்குச் சீரியலைவிட யூடியூபில் அதன் கீழே வரும் கருத்துகள்தான் உயிர். காலை ஷிப்ட் முடிந்து இரண்டு மணிக்கு வருவேன். எபிசோடை ஓடவிட்டுவிட்டு, கருத்துகளைப் படிப்பேன். "செண்பகம் அக்கா, அழுதது போதும், எழுந்து நில்லுங்க" என்று ஒருவர். "ஆம்பளைங்கள கேவலப்படுத்தவே இந்த சீரியல் எடுக்கறாங்க" என்று இன்னொருவர். "நேத்து மூக்குத்தி வலது பக்கம், இன்னிக்கு இடது பக்கம்" என்று என்னைப் போலக் குற்றம் பார்க்கும் இனத்தைச் சேர்ந்த ஒருவர். "எங்க ஊர் தலைவி பேர் எங்களுக்கே தெரியாது, அவங்க வீட்டுக்காரர் பேர்தான் தெரியும்" என்று எழுதியவருக்கு ஆயிரக்கணக்கில் விருப்பக் குறி விழுந்திருந்தது.

நானும் எழுதுவேன். பஞ்சாயத்து அலுவலகத்தில் ஏ.சி. எங்கிருந்து வந்தது, கிராம சபைக்கு இவ்வளவு கூட்டம் எந்த ஊரில் வரும், தண்ணீர் வராத தெருவில் பூச்செடி எப்படிப் பூக்கிறது என்று அம்புக்குறி ஒட்டிக்கொண்டே போவேன். எனக்குப் பதில் எழுதவென்றே நாலைந்து பேர் சேர்ந்திருந்தார்கள். ஊரில் நாலு பேரோடு வம்பு பேசி பன்னிரண்டு வருடம் ஆனவளுக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று வெளிநாட்டில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும்.

என் மகள் கயலுக்குப் பதினாலு வயது. தமிழ் பேசுவாள், படிக்க வராது. செண்பகத்தை அவள் 'அழுகை அம்மா' என்று சொல்வாள். காதில் எதையோ மாட்டிக்கொண்டு தன் அறைக்குப் போய்விடுவாள். முன்பெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து, "இவ ஏன்மா அழறா?" என்றாவது கேட்பாள். இப்போது அதுவும் இல்லை.

3

எனக்கும் ஒரு செண்பகம் உண்டு. என் அண்ணி சுமதி. எங்கள் ஊர்ப் பெயரை எழுத வேண்டாம் என்று அவள் கேட்டுக்கொண்டதால், ஆம்பூருக்கும் குடியாத்தத்துக்கும் நடுவில் என்று மட்டும் சொல்கிறேன்.

சுமதி முதலில் என் தோழி. ஷூ கம்பெனியில் தையல் லைனுக்கு அவள்தான் சூப்பர்வைசர். நாற்பது பெண்கள், நாற்பது மெஷின், மணிக்கு இத்தனை ஜோடி என்று கணக்கு. அவள் குரலை உயர்த்தி நான் பார்த்ததில்லை. லைன் ஓரத்தில் வந்து நின்றாலே போதும். அண்ணனுக்குப் பெண் தேடியபோது நான்தான் அவளைக் கைகாட்டினேன். ஊருக்கு அண்ணி என்றாலும் எனக்கு அவள் இன்னமும் அவள்தான்.

எங்கள் பஞ்சாயத்து பெண்களுக்கு ஒதுக்கப்பட்டபோது அண்ணன் அவளை நிறுத்தினார். ஜெயித்தாள். அண்ணன் அதுவரை தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் ஆலையில், டிரம் ஓட்டிக்கொண்டிருந்தவர். அந்த வேலையை விட்டுவிட்டு வெள்ளை வேட்டிக்கு மாறினார். ஊரே அவரைத் 'தலைவரே' என்று கூப்பிட்டது. அவளை 'தலைவர் வீட்டம்மா' என்றது. பெயர்ப் பலகையில் என்னவோ அவள் பெயர்தான் இருந்தது.

இதில் பெரிய விஷயம் அவளுடைய கைபேசி. பஞ்சாயத்தில் எந்த பில் பாஸ் ஆக வேண்டும் என்றாலும் தலைவர் எண்ணுக்கு ஓ.டி.பி. வரும். அதனால் பதவி ஏற்ற வாரமே அண்ணன் அவள் போனை வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அதன் பிறகு அது திரும்பவில்லை; அவருடைய போனே அதுதான் என்றாகிவிட்டது. என் போனில் 'அண்ணி' என்று அழுத்தினால் அண்ணன் எடுப்பார். அவர்கள் மகள் 'காவ்யா' என்று அழுத்தினால் அண்ணி எடுப்பாள். மூன்று வருடத்துக்கு மேல் இப்படித்தான். வழக்கமாகிவிட்டதால் யாருக்கும் இது விசித்திரமாகவே தெரியவில்லை, எனக்கும்தான்.

அண்ணனைப் பற்றித் தவறாக நினைத்துவிடாதீர்கள். நான் விரும்பியவரைக் கட்டிக்கொள்வேன் என்றபோது சித்தப்பா பெரியப்பா எல்லாரும் குதித்தார்கள். அப்பா அப்போதே இல்லை. அண்ணன் ஒருவர்தான், "அவ யாரச் சொல்றாளோ அவன்தான் மாப்ள. பிடிக்காதவங்க பந்திக்கு வராதீங்க" என்று நின்றார். தங்கை பேச்சை அவ்வளவு கேட்டவர் மனைவியின் போனை மட்டும் ஏன் பிடுங்கிக்கொண்டார் என்பதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

4

தலை ஓர் அங்குலம் உயர்ந்திருந்த அந்த மத்தியானம், எபிசோடில் தணிகாசலம் உச்சத்துக்குப் போனான். செண்பகம் ஒரு மனுவைப் படிக்க ஆசைப்படுகிறாள். அவன் அதை வாங்கி மடித்து விசிறிக்கொள்கிறான். எனக்கு ரத்தம் கொதித்தது. கருத்து எழுதினால் போதாது என்று தோன்றியது. போனை எடுத்து அண்ணிக்கு ஒரு குரல் செய்தி பேசினேன். பேசியதை மறைக்காமல் தருகிறேன்.

"அண்ணி, இன்னிக்கு எபிசோட் பாத்தியா? அந்தத் தணிகாசலம் பொண்டாட்டி சேர்ல உக்காந்துகினு இன்னா ஜம்பம்! அப்டியே எங்கண்ணன்தான். மீசை மட்டும்தான் கம்மி. நாப்பது பொம்பளைங்கள வெச்சி லைன் ஓட்டினவ நீ. உனுக்கு ஒரு பஞ்சாயத்து ஓட்டத் தெரியாதா? போன வாங்கு மொதல்ல. அப்புறம் அந்தாள சேர்லர்ந்து எழுப்பு. இங்கல்லாம் புருஷன் போனா வாசல்லயே நிக்க வெச்சி அனுப்பிடறாங்க, தெரியுமா?"

மனதில் அண்ணியோடு பேசிக்கொண்டிருந்ததால் விரல் 'அண்ணி' என்ற பெயரைத் தொட்டுவிட்டது. 'காவ்யா'வைத் தொட்டிருக்க வேண்டும். பார்த்துச் சுதாரிப்பதற்குள் மைக் படம் நீலமாகிவிட்டது. கேட்டாகிவிட்டது என்று அர்த்தம்.

அழித்தேன். அழித்து என்ன பயன்? 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' என்று அங்கே ஒரு வரி உட்கார்ந்துகொண்டு என்னை இன்னும் குற்றவாளியாக்கியது. அண்ணன் எண்ணுக்கு, அதாவது அண்ணி எண்ணுக்கு, கூப்பிட்டேன். எடுக்கவில்லை. காவ்யாவின் எண் அணைந்திருந்தது. அவளுக்குப் பரீட்சை என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

5

மூன்று வாரம். அந்த மூன்று வாரத்தை நான் எப்படிக் கடத்தினேன் என்று எனக்கே தெரியவில்லை. எனக்கு ஊர் என்று இருப்பது அந்த ஒரு வீடுதான். அம்மாவும் போன பிறகு, விமானத்திலிருந்து இறங்கினால் நேராகப் போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டுச் சோறு கேட்கிற வாசல் வேறு கிடையாது. அந்த வாசலை நானே சாத்திக்கொண்டேன் என்று நினைத்தேன். அதைவிடப் பெரிய பயம் அண்ணியைப் பற்றியது. நான் பேசிய பேச்சுக்கு அங்கே திட்டு வாங்குகிறவள் அவளாகத்தான் இருப்பாள்.

கணவர், "கூப்பிடாதே, ஆறட்டும்" என்றார். கம்பெனியில் நல்ல அப்பருக்கெல்லாம் ஸ்டிக்கர் ஒட்டினேன். ஒரு ஜோடியைச் சூப்பர்வைசர் திருப்பிக் கொண்டுவந்து, "இதில் என்ன குறை?" என்று கேட்டார். ஸ்டிக்கரை உரித்துத் திருப்பிக் கொடுத்தேன். சீரியல் பக்கம் போகவே இல்லை.

ஒருநாள் கயல் காதிலிருந்ததைக் கழற்றிவிட்டு வந்து, "உனக்கு என்ன ஆச்சு?" என்றாள். எல்லாவற்றையும் சொன்னேன். பாதி புரிந்திருக்கும் என்று நினைத்தேன். முழுக்கப் புரிந்துகொண்டாள் என்பது அவள் கேட்ட கேள்வியில் தெரிந்தது.

"நீயும் அத்தை மாதிரிதானே? உன் மெயில் பாஸ்வேர்ட் அப்பாகிட்டதானே இருக்கு?"

"அது வேற."

"எப்படி வேற?"

எப்படி வேறு என்று யோசித்துப் பார்த்தேன். அப்பா கெட்டவர் இல்லை, வேலை சுலபம் ஆகிறது, எனக்கு நேரம் இல்லை. அண்ணனும் இதே காரணங்களைத்தான் சொல்லியிருப்பார். அன்று மாலையே கணவரிடம் கடவுச்சொல்லைக் கேட்டு வாங்கினேன். "எப்பவோ கேட்டிருந்தா எப்பவோ தந்திருப்பேன்" என்றார். உண்மைதான். கேட்காமல் இருந்தது நான்தான். கயல் என் பக்கத்தில் உட்கார்ந்து அதை மாற்றக் கற்றுக்கொடுத்தாள். ரொம்ப நாள் கழித்து அவ்வளவு நேரம் ஒட்டி உட்கார்ந்திருந்தாள்.

6

நான்காவது வாரம், மத்தியானம் மூன்று மணிக்கு என் போனில் 'அண்ணி' என்று வந்தது. அண்ணன்தான் என்று நினைத்தேன். எடுத்தேன்.

"இன்னாடி, உயிரோட இருக்கியா?" என்றது அண்ணியின் குரல்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் ஆரம்பித்ததே திட்டில்தான்.

"அழுவாத. மொதல்ல நான் சொல்றத கேளு. நீ அங்க இருந்துகினு ஈஸியா பேசிட்ட. அன்னிக்கி ராத்திரி அவர் மொகத்த பாத்துக்கினு சோறு போட்டவ நான். ஊர் முன்னால அவர அப்டி ஆக்குனது தப்புதான் தேவி."

"ஊர் முன்னாலயா?"

அப்போதுதான் முழுக் கதையும் தெரிந்தது. இருபது வருடம் டிரம் ஓடும் ஷெட்டில் இருந்த காது அண்ணனுடையது. எதையும் ஸ்பீக்கரில்தான் கேட்பார். என் குரல் செய்தி போனபோது பஞ்சாயத்து அலுவலகத்தில் இருந்திருக்கிறார். மோட்டார் மெக்கானிக் ஏதோ அனுப்பியிருக்கிறான் என்று நினைத்துப் போட்டுவிட்டார். செயலர், தண்ணீர் திறந்துவிடும் டேங்க் ஆப்பரேட்டர், தண்ணீர் வரவில்லை என்று சொல்ல வந்த கீழ்த்தெருப் பெண்கள் மூன்று பேர் என்று எல்லாருக்கும் நடுவில் நான் முழங்கியிருக்கிறேன். முடிந்ததும் கீழ்த்தெருப் பெண் ஒருத்தி, "பாப்பா சரியாத்தான சொல்லுது" என்றாளாம். டேங்க் ஆப்பரேட்டர் சிரிப்பை அடக்க வெளியே ஓடினானாம்.

"வீட்டுக்கு வந்தாரு. ஒரு வார்த்தை திட்டல. போன எடுத்து மிக்ஸி மேல வெச்சாரு. 'இந்தா, உன் போன். இனிமே நீயே எல்லாத்தயும் பாத்துக்கோ. எனுக்கு ஒண்ணும் வாணாம்'னாரு. ரெண்டு நாள்ல நான் போய்க் கெஞ்சுவேன்னு நெனச்சிக்கினாரு போல."

"நீ இன்னா பண்ண?"

"நான் எடுத்துக்கினேன்."

அவ்வளவுதான் சொன்னாள். லைன் ஓரத்தில் வந்து நிற்கும் பழைய சுமதியின் குரல் அது. மூன்றாம் நாள் செயலர் ஓ.டி.பி. கேட்டுக் கூப்பிட்டிருக்கிறார். "எதுக்குன்னு சொல்லுங்க, பில்ல பாத்துட்டு சொல்றேன்" என்று அலுவலகத்துக்கே கிளம்பிவிட்டாள். அடுத்த வாரம் திருப்பத்தூரில் தலைவர்கள் கூட்டம். தனியாக பஸ் ஏறிப் போயிருக்கிறாள்.

"அங்க வந்த லேடீஸ் பாதி பேரு 'உங்க வீட்டுக்காரர் வரலியா'ன்னு என்னயே சுத்திச் சுத்திக் கேட்டாங்க. அவங்க ஆம்பளைங்கல்லாம் வெளிய டீக்கடையில நிக்கறாங்க. 'எங்க வீட்டுக்காரரு சாமான் கழுவிக்கினு இருக்காரு'ன்னேன். பொய்தான். ஆனா சொல்லும்போது நல்லா இருந்துச்சி."

"இத்தன நாளா ஏன் கூப்பிடல அண்ணி? நான் செத்துட்டேன்."

"மொதல் வாரம் உம் மேல கோவம். அப்புறம் எங்க நேரம்? தண்ணி வரலன்னு ஒரு போன், லைட் எரியலன்னு ஒரு போன். ஒரே பேஜாரு. இத்தன நாளு அந்த மனுஷன் இதயெல்லாம் எப்டி சமாளிச்சாருன்னு இப்பதான் தெரியுது. அதயும் அவராண்ட சொன்னேன்."

"அண்ணன் இன்னா சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. கீழ்த்தெரு வால்வு ரிப்பேருன்னு மட்டும் சொன்னாரு."

போனை வைத்ததும் ஒரு டீ போட்டுக் குடித்தேன்.  ஆனால் பயம் பாதிதான் இறங்கியது. அண்ணன் இன்னும் என்னோடு பேசவில்லை.

7

அவர் பேச இன்னும் பத்து நாள் ஆனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை. தெரியாத இந்திய எண். அண்ணன் தனக்கென்று புதிதாகப் போன் வாங்கியிருந்தார்.

"தேவி."

"அண்ணா..." என்று ஆரம்பித்து, மன்னிப்பு, தெரியாமல், விரல் தவறி என்று உளறினேன்.

"விடு. கயலு எப்டி கீது? குளிரு ஜாஸ்தியா?"

குளிரைப் பற்றி ரொம்ப நேரம் பேசினோம். அவ்வளவு நேரம் குளிரைப் பற்றிப் பேசியவர்கள் உலகத்தில் இருக்க மாட்டார்கள். பிறகு அவரே விஷயத்துக்கு வந்தார்.

"அந்த சீரியல நானும் பாத்துக்கினு வர்றேன். சாயங்காலத்துல உங்க அண்ணி மீட்டிங்கு அது இதுன்னு போயிடறா. வீட்ல சும்மாதான கீறேன்."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன், அவர் தொடர்ந்தார்.

"அந்தத் தணிகாசலம் பண்ணது தப்புதான். நான் இல்லன்னு சொல்லல. ஆனா அவன ரொம்ப மோசமா காட்டுறானுங்க. ராவும் பகலும் அலைஞ்சி அந்த டேங்க கட்டனது யாரு? நேத்து எபிசோட்ல அவன் சேர்லர்ந்து எழுந்து போறான். ஒருத்தனாவது 'இத்தன நாளு செஞ்சியே'ன்னு சொல்றானா? கீழ எல்லாரும் கை தட்டி எழுதறானுங்க. அத எவனாவது எழுதுனானா?"

"எழுதலண்ணா."

 அந்த நாற்காலியிலிருந்து அவர் எழுந்தபோது யாருமே அவருக்கு அதைச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அவருக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்று அந்த நிமிடம்தான் எனக்கு உறைத்தது. "நீ நல்லா செஞ்சண்ணா" என்றேன். அவர் அதைக் காதில் வாங்காதது போலப் பேச்சை மாற்றினார். ஆனால் வாங்கிக்கொண்டார், எனக்குத் தெரியும்.

"நீ எழுது. உனுக்குத்தான் அதுல எழுதத் தெரியுமே. நான் சொல்லச் சொல்ல எழுதிக்கோ."

கணினியைத் திறந்தேன். அவர் சொன்னார், நான் தட்டினேன். இரண்டு முறை திருத்தினார். 'தப்புதான்' என்ற வார்த்தை முதல் வரியில் வேண்டாம், கடைசி வரியில் இருக்கட்டும் என்றார். நான் ஒரு குற்றமும் கண்டுபிடிக்காமல் சொன்னபடியே மாற்றினேன்.

"யார் பேர் போடட்டும்ண்ணா? என் பேர்ல போட்டா நான் எழுதனதுன்னு நெனப்பாங்க."

"உங்க அண்ணி பேர்ல போடு. பஞ்சாயத்து பிரெசிடெண்ட்டுன்னா நாலு பேரு மதிப்பான்."

போன் ஸ்பீக்கரில்தான் இருந்திருக்கிறது. உள்ளேயிருந்து அண்ணியின் குரல் வந்தது. சத்தமே போடாமல், நிதானமாக.

"என் பேரு வாணாம். உங்க பேர்லயே போடச் சொல்லுங்க."

  போச்சு, மறுபடியும் ஆரம்பித்துவிட்டது என்று பயந்தேன். அப்போது ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. அண்ணன்தான் முதலில் சிரித்தார். பிறகு அண்ணி. பிறகு நான், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"சரி, எழுதிக்கோ" என்று, அப்பா பெயரின் முதலெழுத்தோடு தன் முழுப் பெயரையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னார் அண்ணன்.